சின்ன லேத்தின் ஆட்டத்தை அடக்குவது

ஒரு சின்ன லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) யோக்கியதை தெரிய ஒரே ஒரு வேலை கொடுத்துப் பார்த்தால் போதும். 25 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடை சக்கில் (ராடைக் கவ்விச் சுழற்றும் பிடியில்) பிடித்து, 2 மி.மீ. பார்ட்டிங் பிளேடால் அறுக்க விடுங்கள். கடைசல் பட்டறையில் இருக்கும் பழைய பெரிய லேத் சுருளைத் தள்ளிக்கொண்டே போய் துண்டைக் கீழே போட்டுவிடும். மினி லேத் முதலில் கிறீச்சிடும், பிறகு உதறும், பிறகு பிளேடை ராடுக்கு அடியில் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். பிளேடு உடையாமல் இருந்தால் அன்றைக்கு நல்ல நேரம்.

பிளேடை மாற்றிப் பயனில்லை. வெட்டும் விசை பிளேடு நுனியில் தொடங்கி டூல் போஸ்ட் (டூலைப் பிடிக்கும் கம்பம்), காம்பவுண்ட் (கோணத்தில் திருப்பக்கூடிய மேல் ஸ்லைடு), கிராஸ் ஸ்லைடு (குறுக்கே நகரும் ஸ்லைடு), சேடில் (இவற்றைச் சுமந்து நீளவாக்கில் ஓடும் வண்டி), பெட் (அடித்தண்டவாளம்), ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி), பேரிங், ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு), சக் என்று சுற்றி மறுபடி ராடுக்கே வந்து சேருகிறது. நடுவில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் 10, 20 மைக்ரான் விட்டுக்கொடுத்தால் மொத்தம் 0.1 மி.மீ.யைத் தாண்டிவிடும். நுனி அவ்வளவு கீழே அமுங்கினால் பிளேடு ராடுக்குள் புதைகிறது, விசை கூடுகிறது, இன்னும் அமுங்குகிறது. உதறல் என்பது இதுதான்.

இங்கே பேசுவது 7×14 என்று விற்கும் ஜாதியைப் பற்றி: 180 மி.மீ. ஸ்விங் (பெட்டில் தட்டாமல் சுழலக்கூடிய விட்டம்), சென்டர்களுக்கு நடுவே 350 மி.மீ., ஸ்பிண்டிலில் எம்.டி.3 (மோர்ஸ் டேப்பர் துளை), டெயில்ஸ்டாக்கில் (மறுமுனைத் தாங்கியில்) எம்.டி.2, ஸ்பிண்டில் துளை 20 மி.மீ., எடை 40 கிலோவை ஒட்டி. இரண்டு பேர் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போய் ஒரு ரூமில் வைக்க முடிகிற லேத் என்றால் பெரும்பாலும் இதுதான். இதை வாங்கியதும் எல்லாரும் முதலில் கை வைப்பது பேரிங்கில். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பல மெஷின்களில் செய்யவே வேண்டியிருக்காது.

முதலில் அளந்து பாருங்கள்

0.01 மி.மீ. டயல் கேஜும் காந்த பேஸும் வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் லேத்தைப் பிரிப்பது இருட்டில் ஊசி கோர்ப்பதுதான்.

காந்த பேஸைப் பெட்டின் மேல் நிறுத்தி, டயல் முள்ளை ஸ்பிண்டில் மூக்கின் ஃபிளேஞ்ச் விளிம்பில், உச்சியில் வையுங்கள். சக்கின் மேல் வைத்தால் சக் உட்காரும் இடத்தின் ஆட்டமும் சேர்ந்துவிடும், யார் குற்றவாளி என்று தெரியாது. சக்கில் ஒரு கனமான ராடை 300 மி.மீ. நீட்டிப் பிடித்து, அதன் முனையை அரைக்குடம் தண்ணீர் தூக்கும் பலத்தில் மேலே தூக்கி விடுங்கள். முள் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் பார்க்கக் கூடாது. விட்ட பிறகு எங்கே வந்து நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய இடத்துக்கே திரும்பினால் அது இரும்பின் வளைவு. வேறு இடத்தில் நின்றால் அது ஆட்டம். வளைவைப் போக்க இரும்பைத் தடிமனாக்க வேண்டும். ஆட்டத்தைச் சரிசெய்துதான் போக்க முடியும். இரண்டுக்கும் மருந்து வேறு.

அதே மாதிரி முள்ளை டூலின் நுனியில் வைத்து, டூல் போஸ்டைக் கையால் மேலே தூக்குங்கள், கீழே அழுத்துங்கள். பிறகு முள்ளைக் காம்பவுண்டின் மேல், அடுத்து கிராஸ் ஸ்லைடின் மேல், அடுத்து சேடிலின் மேல் என்று ஒவ்வொரு படியாக இறக்கி வாருங்கள். எந்தப் படியில் அளவு சட்டென்று குறைகிறதோ, அதற்கு மேலே உள்ள இணைப்பில்தான் நோய். ஸ்பிண்டிலில் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் பேரிங்கைத் தொட வேண்டாம். டூல் நுனியில் 0.05ஐத் தாண்டினால் வேலை அங்கேதான் இருக்கிறது. புது மெஷினில் அனேகமாகத் தாண்டும்.

கிப்

கிராஸ் ஸ்லைடைக் கழற்றி, அதன் இடைவெளியை அடைக்கும் கிப் பட்டையை வெளியே எடுங்கள். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 220 எமரி தாளை விரித்து, சில துளி டீசல் விட்டு, பட்டையின் உரசும் முகத்தை நாலு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். இரண்டு முனையில் மட்டும் பளபளப்பு வந்தால் பட்டை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரும்வரை தேய்த்து, 400இல் முடியுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் பட்டை வளைந்துகொடுத்து ஏமாற்றும். ஒரு தட்டையான மரக்கட்டையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டித் தேய்ப்பது நல்லது.

அடுத்தது குழிகள். கிரப் ஸ்க்ரூவின் (தலையில்லாத திருகின்) முனை உட்கார பட்டையில் குழி போட்டிருப்பார்கள். அந்தக் குழி ஸ்க்ரூவுக்கு நேராக இருக்காது. முனை குழியின் சரிவில் ஒரு பக்கமாகப் படும். இறுக்க இறுக்க பட்டை மேலே ஏறும், அல்லது சாய்ந்து ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தும். "எவ்வளவு இறுக்கினாலும் ஆடுது, கொஞ்சம் கூட இறுக்கினா நகரவே மாட்டேங்குது" என்ற புகாருக்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான். பட்டையைத் திருப்பிப் போட முடிந்தால் திருப்பி, ஸ்லைடை அதன் இடத்தில் வைத்து, பட்டை அசையாதபடி ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து நிறுத்துங்கள். எம்4 மரைக்குள் 3.2 மி.மீ. டிரில் உரசாமல் போகும். அதை மரை வழியாகவே விட்டு பட்டையில் 1 மி.மீ. ஆழத்துக்குப் புள்ளி போட்டால் குழி தப்பவே தப்பாது. ஸ்க்ரூவின் முனையையும் எண்ணெய்க் கல்லில் லேசாக உருட்டி விடுங்கள்.

இறுக்கும் முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. "இறுக்கிவிட்டு எட்டில் ஒரு சுற்று தளர்த்து" என்று வழக்கமாகச் சொல்வார்கள். எம்4 மரையின் பிட்ச் 0.7 மி.மீ. எட்டில் ஒரு சுற்று என்றால் 0.09 மி.மீ. அவ்வளவு இடைவெளி விட்டால் கிப் இருந்தும் இல்லாத மாதிரிதான். இருபதில் ஒரு சுற்று, அதாவது 0.035 மி.மீ., என்பதே அதிகம். லீட் ஸ்க்ரூவின் (ஸ்லைடை நகர்த்தும் திருகின்) நட்டைக் கழற்றி விட்டு ஸ்லைடை வெறும் கையால் தள்ளிக்கொண்டே, நடு ஸ்க்ரூவில் தொடங்கி ஒவ்வொன்றாக உரசல் தெரியும்வரை இறுக்குங்கள். லாக் நட்டை முறுக்கும்போது அது ஸ்க்ரூவையும் சேர்த்துத் திருப்பும். ஆலன் கீயை ஸ்க்ரூவிலேயே வைத்து அழுத்திப் பிடித்தபடி ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். முடிந்ததும் ஸ்லைடு முழு நீளத்துக்கும் ஒரே கனத்தில், தேன் மேல் நகர்கிற மாதிரி நகர வேண்டும்.

சேடிலின் அடித்தகடு

இதைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சேடில் பெட்டிலிருந்து மேலே தூக்கிக்கொள்ளாமல் பிடித்திருப்பது அடியில் உள்ள இரண்டு தகடுகள். போல்ட் இழுக்கும், கிரப் ஸ்க்ரூ தள்ளும். அந்தச் சண்டையில் தகடு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் அட்ஜஸ்ட்மென்ட். தகடு ஒரு விளிம்பில் மட்டும் பெட்டைத் தொடும். நாலு நாளில் அந்த விளிம்பு தேய்ந்து மறுபடி ஆடும்.

கிரப் ஸ்க்ரூக்களை எடுத்துவிடுங்கள். தகடுகளைக் கண்ணாடியின் மேல் தேய்த்து மட்டமாக்கி, சேடிலுக்கும் தகடுக்கும் நடுவே பித்தளை ஷிம் கொடுத்து போல்ட்டை முழுக்க இறுக்குங்கள். அளவு கண்டுபிடிப்பது சுலபம். வேண்டுமென்றே அதிகமாக, சேடிலுக்கும் தகடுக்கும் நடுவே 0.50 மி.மீ. ஷிம் வைத்து இறுக்கி, டயலைச் சேடிலின் மேல் வைத்து தூக்கிப் பாருங்கள். 0.12 தூக்குகிறது என்றால் 0.10 ஷிம்மை எடுத்துவிட வேண்டும், 0.02 எண்ணெய்க்கு மிச்சம். முன்பக்கம், பின்பக்கம் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு வராது. ஷிம் தகடு சென்னை பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும். அவசரத்துக்கு அலுமினிய குளிர்பான கேன் ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும், மைக்ரோமீட்டரில் பார்த்துவிட்டு வெட்டலாம்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால் ஒரு எச்சரிக்கை. பெட் சக்குக்குப் பக்கத்தில்தான் தேய்ந்திருக்கும். அங்கே ஷிம் சரிசெய்தால் டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சேடில் இறுகி நிற்கும். இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் அளவு வையுங்கள். சக் பக்கத்தில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதற்குப் பரிகாரம் சேடில் லாக்: சேடிலின் மேலிருந்து ஒரு எம்6 போல்ட், பெட்டுக்கு அடியில் 10 மி.மீ. தடிமனில் ஒரு துண்டு ஃப்ளாட். போல்ட்டை இறுக்கினால் ஃப்ளாட் பெட்டை அடியிலிருந்து கவ்வும். ஃபேஸிங்குக்கும் (முகத்தைத் தட்டையாகக் கடைவது) பார்ட்டிங்குக்கும் (துண்டாக அறுப்பது) இதைப் பூட்டாமல் தொடங்கவே கூடாது. நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை, பலன் ஆயிரத்துக்கு.

காம்பவுண்டை எடுத்துவிட்டு கட்டை வைப்பது

எல்லா மாற்றத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காம்பவுண்ட் ஸ்லைடு என்பது டேப்பர் கடையவும் மரை போடவும் இருக்கிற சாமான். மற்ற நேரமெல்லாம் அது வெட்டுக்கு அடியில் ஒரு டவ்டெயில் (சாய்ந்த ஓரத் தடம்), ஒரு கிப், ஒரு சுழலும் அடிமட்டம் என்று மூன்று பலவீனங்களை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது. அதைக் கழற்றி ஓரமாக வைத்து, அந்த இடத்தில் ஒரே வார்ப்பிரும்புக் கட்டையைப் போல்ட் செய்து, அதன் மேல் டூல் போஸ்டை உட்கார வைத்தால் பார்ட்டிங்கின் குணமே மாறிவிடும்.

உயரம் கண்டுபிடிக்க, சக்கில் ஒரு ராடைப் பிடித்து 20.00 மி.மீ.க்குக் கடையுங்கள். சக்கிலிருந்து எடுக்காமலே, கிராஸ் ஸ்லைடின் மேல்முகத்திலிருந்து ராடின் உச்சி வரை அளந்து 10 கழித்தால் சென்டர் உயரம். அது 64 என்றும், உங்கள் டூல் போஸ்டின் அடியிலிருந்து டூல் நுனி, ஹோல்டர் ஏறி இறங்கும் தூரத்தின் நடுவில் நிற்கும்போது 16 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டை 48 மி.மீ. வேண்டும். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மெஷினில் அளந்து போடுங்கள்.

75×75×50 அளவில் வார்ப்பிரும்பு ஏறத்தாழ 2 கிலோ வரும். அம்பத்தூர், ஏக்காட்டுத்தாங்கல் பக்கம் சி.ஐ. (வார்ப்பிரும்பு) கட்டையை கிலோ கணக்கில் அறுத்துக் கொடுக்கிற கடைகளில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் எம்.எஸ். போதும். புதுப்பேட்டையில் காயலான் வார்ப்பிரும்பு மலிவு, ஆனால் எந்த வண்டியின் எந்த உறுப்பு என்று தெரியாத இரும்பில் கல் மாதிரி கெட்டிப் புள்ளிகள் இருக்கும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் மழுங்கி, மரை போடும் டேப் ஒடிந்து, மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

நாலு தாடை சக்கில் பிடித்து இதே லேத்தில் ஃபேஸ் செய்யலாம். மூலைக்கு மூலை 106 மி.மீ., பெட்டின் மேல் 180 ஸ்விங் இருப்பதால் தட்டாது. ஓட்டுவதற்கு முன் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். வார்ப்பிரும்பை எச்.எஸ்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் வெட்டுவது என்று வைத்தால், 100 மி.மீ. விட்டத்துக்கு 64 சுற்றுதான் வரும். மினி லேத்தின் மோட்டார் அந்த வேகத்தில் மூச்சு வாங்கும், ஆகவே 0.3 மி.மீ. வெட்டோடு பொறுமையாகப் போக வேண்டும். முதல் வெட்டு மட்டும் தோலுக்கு அடியில் போகட்டும், 1 மி.மீ. ஆழம். வார்ப்பின் தோலில் மணல் இருக்கும், அதை உரசிக்கொண்டே போனால் நுனி பாழ்.

அடிமுகத்தை முடித்த பின், விளிம்பில் சுற்றி 15 மி.மீ. விட்டுவிட்டு நடுவை 0.2 மி.மீ. பள்ளமாக்குங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். முழு முகமும் தட்டையாக இருப்பதாக நாம் நினைக்கிற கட்டை, உண்மையில் நடுவில் ஒரு மயிரிழை புடைத்திருந்தால் நாற்காலியின் குட்டைக் கால் மாதிரி ஆடும். நடுவில் பள்ளம் இருந்தால் விளிம்பு மட்டும் உட்காரும், உதறாது.

கிராஸ் ஸ்லைடில் ஏற்கெனவே இருக்கிற காம்பவுண்ட் துளைகளை மட்டும் நம்ப வேண்டாம். நாலு மூலைக்கும் எம்6 போடுங்கள்: 5 மி.மீ. டிரில், பிறகு அடி வரை வெட்டுகிற டேப். அடியில் டவ்டெயிலும் லீட் ஸ்க்ரூவும் இருப்பதால், ஸ்லைடின் தடிமனை அந்தந்த இடத்தில் அளந்து, மறுபக்கம் ஊடுருவாமல் 3 மி.மீ. விட்டு நிறுத்த வேண்டும். டிரில்லில் ஒட்டும் டேப் ஒரு துண்டு சுற்றி ஆழம் குறித்துக்கொள்ளலாம். டூல் போஸ்டின் ஸ்டட்டுக்குக் கட்டையின் நடுவில் எம்10, 8.5 டிரில், 25 மி.மீ. ஆழம்.

இழப்பது என்ன? குட்டை டேப்பர் கடைய முடியாது. கோணத்தில் ஊட்டி மரை வெட்ட முடியாது. நேராக ஊட்டியே வெட்ட வேண்டும், 1.5 பிட்ச் வரை அதில் சிக்கல் இல்லை. நீளவாக்கில் 0.05 தள்ளு என்றால் சுலபமான வழி இல்லாமல் போகும், பெட்டில் ஒரு டயல் கேஜைக் கவ்விப் பிடிக்க வைத்தால் அதுவும் தீரும். காம்பவுண்ட் தேவைப்படும் நாளில் நாலு போல்ட்டைக் கழற்றினால் கால் மணி நேரத்தில் பழையபடி.

கட்டை வந்த பிறகு அதே 25 மி.மீ. ராடை அறுத்துப் பாருங்கள். வேகம் 250 சுற்றை ஒட்டி, பிளேடு சென்டரில் மிகச் சரியாக, நீட்டம் 14 மி.மீ.க்கு மேல் இல்லாமல், சேடிலும் பூட்டி. பயந்து பயந்து ஊட்டினால்தான் பிளேடு உரசி உதறும், தயங்காமல் கையை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். சுருள் பிளேடின் அகலத்துக்கே வந்தால் பக்கவாட்டில் சிக்கிக்கொள்ளும். பிளேடு முகத்தின் நடுவில் எண்ணெய்க் கல்லின் மூலையால் ஒரு சின்ன வாய்க்கால் போட்டால் சுருள் மடிந்து ஒடுங்கி வெளியே வரும்.

பேரிங்

இத்தனைக்கும் பிறகு ஸ்பிண்டில் 0.02க்கு மேல் தூக்கினால், பின்பக்க வளைய நட்டை முதலில் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். பல மெஷின்களில் அதிலேயே கதை முடிந்துவிடும்.

கம்பெனியிலிருந்து வருவது 6206, சாதாரண டீப் குரூவ் பந்து பேரிங்: உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. இதற்குப் பதில் டேப்பர் ரோலர் 30206 போடச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். அதன் அகலம் 17.25. ஒவ்வொரு பேரிங்குக்கும் 1.25 மி.மீ. கூடுகிறது. முன்பக்கம் ஸ்பிண்டில் அவ்வளவு வெளியே வரும், பின்பக்கம் பேரிங் அவ்வளவு வெளியே நீளும். ஆக பின்பக்க நட்டுக்கு முன்னால் உள்ள ஸ்பேசரில் மொத்தம் 2.5 மி.மீ. கழிக்க வேண்டியிருக்கும், தூசி மூடிகளின் உட்புறத்தையும் குடைய வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஸ்பேசரைக் கடைய லேத் வேண்டும், லேத்தோ பிரிந்து கிடக்கும். பிரிப்பதற்கு முன்பே புது ஸ்பேசரைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். டேப்பர் ரோலரில் சீல் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கிரீஸ் வெளியே வழியும், வார்ப்பிரும்புத் தூள் உள்ளே போகும்.

நல்ல மாற்று 7206 ஆங்குலர் கான்டாக்ட். அகலம் அதே 16, எந்த ஸ்பேசரையும் தொட வேண்டாம். ஜோடியாக வாங்கி, வெளிவளையத்தின் தடித்த உதடு இரண்டிலும் ஹெட்ஸ்டாக்கின் உட்பக்கம் பார்க்கும்படி போட வேண்டும். திருப்பிப் போட்டால் நட்டை இறுக்க இறுக்க வளையம் பிரிந்து வரப் பார்க்கும். 30206 போட்டாலும் இதே விதிதான், உருளையின் பருத்த முனை வெளிப்பக்கம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். பேரிங்கில் போலி நிறைய.

சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. ஸ்பிண்டில் துளை 20 மி.மீ. இருப்பதால் எம்12 நீள் போல்ட்டை உள்ளே விட்டு, இரு பக்கமும் தடித்த வாஷர் கொடுத்து, நட்டால் இழுத்து உட்கார வைக்கலாம். வெளிவளையத்தை ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும், உள்வளையத்தை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும். பந்துகள் வழியாக விசை போனால் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும், பிறகு ஃபினிஷில் வரி வரியாகத் தெரியும்.

நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதை வெப்பம் சொல்லும். 1000 சுற்றில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு ஹெட்ஸ்டாக்கில், பேரிங் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் இறுக்கம் அதிகம், ஒரு மயிரளவு தளர்த்த வேண்டும். சூடே இல்லை என்றால் இன்னும் இறுக்கலாம். ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடி ரூமில் அறையே 38 டிகிரியைத் தொடும். அந்த நாளில் வைத்த இறுக்கத்தை மார்கழியில் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

மோட்டாரும் வி.எஃப்.டி.யும்

உடன் வரும் டி.சி. மோட்டார் குறைந்த வேகத்தில் பலம் இழக்கும், அதன் போர்டில் இரும்புத் தூள் விழுந்தால் ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆகும்போது நிற்காமல் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும் வகைப் போர்டுகளும் உண்டு. ஆகவே எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், மெயின் கரண்டையே அறுக்கிற பெரிய சிவப்பு பட்டனைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

மாற்றுவதாக இருந்தால் அரை எச்.பி., 1440 சுற்று, மூன்று ஃபேஸ் மோட்டாரும், வீட்டின் 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் ஓடும் வி.எஃப்.டி.யும் (அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி). இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த வி.எஃப்.டி. வெளியே கொடுப்பதும் 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான். நம்மூரில் கிடைக்கிற சின்ன மோட்டார்களோ 415 வோல்ட் ஸ்டாரில் (மூன்று காயிலின் ஒரு முனையும் ஒன்றாகச் சேர்ந்த இணைப்பில்) கட்டியிருக்கும். அப்படியே கொடுத்தால் வோல்டேஜ் 55 சதவீதம்தான் போகும், டார்க் அதன் வர்க்கமாகக் குறைந்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வரும். சக் சுற்றும், டூல் தொட்டதும் நின்றுவிடும். வி.எஃப்.டி. கெட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு.

வாங்கும்போதே டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு டெர்மினல் இருந்தால் பித்தளைப் பட்டைகளை மாற்றிப் போட்டு டெல்டாவாக்கிக்கொள்ளலாம். முன்பு ஒவ்வொரு காயிலுக்கும் 415ஐ 1.73ஆல் வகுத்த 240 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. டெல்டாவில் நேராக 230 போகும், மோட்டாருக்கு வித்தியாசமே தெரியாது. கரண்ட் மட்டும் 1.73 மடங்கு: பிளேட்டில் 1 ஆம்பியர் என்றால் வி.எஃப்.டி.யில் 1.7 என்று அமைக்க வேண்டும். மூன்று வயர் மட்டும் வெளியே வந்தால் ஸ்டார் முனை காயிலுக்குள் புதைந்திருக்கிறது. ரீவைண்டிங் கடையில் கொடுத்து அதைத் தோண்டி ஆறு வயர் எடுத்துத் தரச் சொல்லலாம். "டெல்டாவுக்கு ஆறு லீட் எடுத்துக் கொடுங்கண்ணே" என்றால் புரியும். ஆனால் பழைய காயிலின் வார்னிஷ் வெடித்துவிட்டால் முழுக்கச் சுற்ற வேண்டிவரும். ஆறு லீட் மோட்டாராகவே தேடி வாங்குவது மேல்.

மோட்டாரில் 50 மி.மீ., ஸ்பிண்டிலில் 100 மி.மீ. புல்லி என்றால் 50 ஹெர்ட்ஸில் 720 சுற்று, 25இல் 360, 75இல் 1080. 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக் கூடாது, மோட்டாரின் விசிறியும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, காயில் வேகும். மெதுவான வேலைக்கு இன்னொரு புல்லிப் படி வேண்டும், எல்லாவற்றையும் வி.எஃப்.டி. பார்த்துக்கொள்ளும் என்று விடுவது தப்பு. வேகம் ஏற 3 வினாடி, இறங்க 2 வினாடி போதும்.

வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த ஸ்விட்சும் வேண்டாம், ஓட்டத்தில் துண்டித்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டர் போகும். எர்த் கட்டாயம். அப்பார்ட்மென்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றாதீர்கள். மோட்டார் கேபிளைக் குட்டையாக்குங்கள், கேரியர் அதிர்வெண்ணைக் குறைத்துப் பாருங்கள். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் காத்திருங்கள், உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும். வி.எஃப்.டி.யை வைக்க டப்பாவை ரிச்சி தெருவில் வாங்கலாம், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு சக்குக்கு நேரே மாட்டாதீர்கள். ஓட்டை வழியாகச் சுருள் போகும்.

பெல்ட் போடாமல் ஹெட்ஸ்டாக்குக்குள் உள்ள பிளாஸ்டிக் கியரை மட்டும் இரும்புக்கு மாற்றுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். டூல் புதைந்து நிற்கும்போது உடைவதற்கென்று ஒரு இடம் இருப்பது நல்லது. எல்லாம் இரும்பானால் அடுத்து உடைவது எது என்று நமக்குத் தெரியாது.

அடிமானம்

மெஷினின் தகரத் தட்டை மரமேசையில் வைத்து நாலு போல்ட்டையும் முறுக்கினால் பெட் முறுக்கிக்கொள்ளும். அடுப்பு மேடைக்குப் போட்ட 20 மி.மீ. கிரானைட்டின் வெட்டுத்துண்டு மார்பிள் கடையில் மலிவாகக் கிடைக்கும். 900×300 அளவில் ஏறத்தாழ 15 கிலோ. இரண்டை எப்பாக்சியில் ஒட்டினால் 30 கிலோ அடிமானம், அதிர்வையும் விழுங்கும்.

முறுக்கலைப் பார்க்க 30 மி.மீ. ராடை 120 நீட்டி, டெயில்ஸ்டாக் இல்லாமல், 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு வளையம் மட்டும் விட்டு நடுவைக் குறைத்து, பிறகு இரண்டு வளையத்தையும் ஒரே அமைப்பில் 0.05 வெட்டோடு கடைந்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். சக்குக்குத் தூரத்து வளையம் பெரிதாக வந்தால், டெயில்ஸ்டாக் பக்கம் முன்னங்காலுக்கு ஷிம் கொடுத்து உயர்த்துங்கள். சேடில் பின்னால் சாய்ந்து டூல் அச்சை நெருங்கும். சிறிதாக வந்தால் பின்னங்காலுக்கு. ஹெட்ஸ்டாக் நேராக உட்கார்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு. டூல் மழுங்கியிருந்தால் ராடே வளைந்து தூரத்து வளையம் பெரிதாகக் காட்டும், அதனால் முதலில் சானை. டெயில்ஸ்டாக்கை அதற்குப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும், முன்பே செய்தால் இரண்டு தடவை வேலை.

துரு

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரைப் பக்கம் என்றால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரி துடைக்காமல் விட்ட பெட்டில் காலையில் விரல் ரேகை பழுப்பாகத் தெரியும். பெட்டுக்கும் ஸ்லைடுக்கும் விஜி 68 ஸ்லைடுவே எண்ணெய். தேங்காயெண்ணெய் டேப் போடும்போது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பெட்டில் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்து கிப்பைக் கவ்விக்கொள்ளும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும். நீரில் கரையும் கூலன்ட் இந்த அளவு மெஷினில் வேண்டவே வேண்டாம், தட்டில் தேங்கி சேடிலுக்கு அடியில் ஏறி அங்கேயே துருப்பிடிக்க வைக்கும்.

மேலே போர்த்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தவிர்த்து பழைய பருத்தி வேட்டியைப் போடுங்கள். பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் லேத்தைத் தொட மாட்டோம் என்று தெரிந்தால், சக்கைக் கழற்றி ஃபிளேஞ்ச் முகத்துக்கும் சக்கின் முதுகுக்கும் எண்ணெய் தடவி மாட்டிவிடுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் மெஷினில் துரு முதலில் பிடிப்பது அந்த மறைவான முகத்தில்தான். அங்கே ஒரு புள்ளி துரு ஏறினால் சக் சாய்ந்து உட்காரும், 0.05 ரன்அவுட் (சுழலும்போது வரும் விலகல்) எங்கிருந்து வந்தது என்று பேரிங்கைப் பிரிக்கத் தோன்றும்.